பள்ளி, அங்கன்வாடி முருங்கை மரங்களில் கம்பளிப்பூச்சி: மரத்தை வெட்டாமல் பிள்ளைகளைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுப் பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
அரவக்குறிச்சி வட்டம், கரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கரூர்.

பொருள்: பருவமழைக்கு முன்பே பள்ளி, அங்கன்வாடி, பேருந்து நிறுத்த மரங்களில் கம்பளிப்பூச்சியைக் கட்டுப்படுத்தவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உரிய சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் முருங்கை இல்லாத வேலி கிடையாது. முருங்கை ஏற்றுமதி மண்டலத்துக்கு அரசு தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் நம் மாவட்டமும் ஒன்று. அதில் எங்கள் வட்டத்தின் பங்கு என்ன என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வளாகத்திலும் அங்கன்வாடி வாசலிலும் நிற்பவை கொம்பு நட்டு வளர்த்த பழைய மரமுருங்கைகள். பிள்ளைகள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கீரை சத்துணவுக் கூடத்துச் சாம்பாருக்குப் போகிறது. ஐப்பசி மழை இறங்கியதும் அதே மரங்களில் கம்பளிப்பூச்சி ஏறிவிடுகிறது.

கம்பளிப்பூச்சி இல்லாத ஊர் உண்டா, இதற்கு ஆட்சியர் அலுவலகம் வரை வர வேண்டுமா என்று சிலர் எங்களிடமே கேட்டார்கள். போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறோம், தாங்களே முடிவு செய்யலாம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பந்தை எடுக்கப் போனவன், சேற்றில் வழுக்காமல் இருக்க அடிமரத்தில் கையை ஊன்றினான். பட்டையும் புழுவும் கிட்டத்தட்ட ஒரே நிறம். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான், பெரியவர் இடுப்பு உயரத்துக்கு மரத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடப்பது தெரியும். உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வரை கொத்துக்கொத்தாகத் தடித்துவிட்டது. அழுதுகொண்டே அதே கையால் கண்ணையும் கசக்கிவிட்டான். அவன் சட்டையைத் தட்டிவிட்ட பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் தடிப்பு. அங்கன்வாடியில் நடந்தது வேறு மாதிரி. மரத்தடிக் கொடியில் காயப்போட்ட விரிப்பை மத்தியானம் எடுத்து விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். தூங்கி எழுந்த குழந்தைகளின் முதுகில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. விரிப்பில் ஒரு புழுகூட இல்லை. உதிர்ந்த ரோமமே போதுமானதாக இருந்தது.

அந்தப் பையனை முதலில் காட்டிய இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உறுத்தல் அடங்கவில்லை. பிறகு கண் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது, மேல் இமையைப் புரட்டி அங்கே குத்திக்கொண்டிருந்த ரோமத்தை உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து எடுத்தார். நல்ல வேளை, இமையோடு போயிற்று. இந்த ரோமங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் இருப்பதால், கசக்கக் கசக்க உள்ளேதான் போகும், தானாக வெளியே வராது. கருவிழியில் தைத்தால் அதைத் தாண்டி விழிக்குள் இறங்கி, பல வாரம் கழித்துக்கூடப் புண் உண்டாக்கலாம், பார்வையே பாதிக்கப்படலாம். இதைத்தான் வெறும் அரிப்பு என்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறோம்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்ததற்கு ஓர் அலுவலகத்தில் வாய்வழியாகக் கிடைத்த பதில்: "மரத்தை வெட்டிப் போடுங்க, புழுவும் போயிரும்." வெட்டுவது பெரிய வேலையில்லை. முருங்கைக் கொம்பு ஒரு அரிவாள் வெட்டுக்குத் தாங்காது. ஆனால் பள்ளிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கிற தோட்டத்து மரங்களை என்ன செய்வது? இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் போகப்போவதில்லை. நிழலும் கீரையும் போய்விடும், பூச்சி மட்டும் இருக்கும். அதனால் இந்த மரங்களில் ஒன்றைக்கூட இந்தக் காரணம் சொல்லி வெட்ட அனுமதிக்க வேண்டாம் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

வெட்டாமல் சமாளிக்க முடியும் என்று முருங்கை வெள்ளாமை செய்பவர்கள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறோம். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது மழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளியே வருகிறது. மஞ்சளோடிய பழுப்பு நிறம், அகல இறக்கை, ராத்திரியில் விளக்கைத் தேடி வரும். இளங்கொம்பிலும் இலையிலும் குவியலாக முட்டையிடும். பொரிக்கிற புழுக்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாது. இருட்டியதும் மேலே ஏறி இலையைத் தின்னும், பட்டையைச் சுரண்டும். விடிந்ததும் அடிமரத்துக்கு இறங்கி மொத்தமாக ஒட்டிக்கிடக்கும். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கிடப்பதுதான் ஆபத்து. அதே காரணத்தால், ஏணியோ தெளிப்பானோ இல்லாமல் கீழே நின்றபடியே மொத்தக் கூட்டத்தையும் வழித்தெடுத்துவிடவும் முடியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முருங்கைக்குச் சொல்லும் முறைகளும் இதை ஒட்டியவைதான்: முட்டைக் குவியலையும் புழுக் கூட்டத்தையும் சேகரித்து அழிப்பது, மழை பெய்த கையோடு எக்டேருக்கு 1 விளக்குப் பொறி வைப்பது. விளக்குப் பொறி என்றால் பெரிய செலவில்லை. ஒரு பல்பு, அதன் கீழே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் அதைப் பள்ளியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இப்போது நடப்பது நேர்மாறு: பள்ளி வராந்தாவில் ராத்திரி முழுக்க எரிகிற டியூப் லைட்தான் ஊரிலுள்ள அந்துப்பூச்சிகளை எல்லாம் அந்த மரங்களுக்கு அழைத்து வருகிறது. மழை தொடங்கிய முதல் சில வாரங்களுக்காவது அந்த விளக்கை அணைத்து வைக்கச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சரி, தெரிந்த வேலைதானே, ஏன் நடக்கவில்லை? தோட்டத்து மரம் என்றால் தோட்டக்கலைத் துறை வந்து பார்க்கும். பள்ளி மரம் கல்வித் துறைக்கு. அங்கன்வாடி மரம் சமூக நலத் துறைக்கு. பேருந்து நிறுத்தத்து மரம் ஊராட்சிக்கா நெடுஞ்சாலைக்கா என்பது இன்னும் தெளிவாகவில்லை. இத்தனை பேருக்கும் சேர்த்து உத்தரவு போடக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் இந்த இடங்களில் உள்ள மரங்களைக் கணக்கெடுத்து, மழை தொடங்கியதிலிருந்து கார்த்திகை வரை வாரம் ஒருமுறை பார்வையிடும் பொறுப்பை ஒரே அலுவலரிடம் பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டுகிறோம். பள்ளி விடுமுறை நாளில், நீளக் கழியில் கட்டிய துடைப்பத்தால் புழுக்களைச் சோப்புத் தண்ணீர் வாளியில் வழித்து, ஆழக் குழியில் மூடிவிட வேண்டும். செத்த புழுவின் ரோமமும் அரிக்கும் என்பதால் குப்பையில் கொட்டக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி முள்வேலியோ பழைய சாக்கோ கட்டி, பிள்ளைகள் சாயாமல் பார்த்துக்கொள்வது அடுத்த வேலை.

தீப்பந்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி அடிமரத்தில் காட்டுவது எங்கள் தோட்டங்களில் உள்ள பழக்கம். பரிந்துரைக்கப்பட்ட முறையும்கூட. ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்தில் விவசாயி விடியற்காலையில் செய்வது ஒன்று, பள்ளி நேரத்தில் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே செய்வது வேறு. புழு பொசுங்கும்போது ரோமம் காற்றோடு கிளம்புகிறது, பாதி வெந்தவை பொத்பொத்தென்று கீழே விழுந்து நெளிகின்றன, பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். பள்ளி வளாகத்தில் இதைத் தடை செய்ய வேண்டும். பூச்சிமருந்தும் அப்படியே. நாளை சாம்பாரில் விழப்போகிற கீரையில் இன்று மருந்தடிக்க எந்தத் துறையும் ஆளனுப்ப வேண்டாம். கட்டாயம் தெளிக்கத்தான் வேண்டும் என்றால் மீன் எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துச் செய்யும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு இருக்கிறது, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கலந்து அடிக்கலாம்.

பிள்ளைகளுக்கு எதைத் தொடக் கூடாது என்று படம் காட்டிச் சொல்ல வேண்டும். முருங்கைப் புழுவை ஓரளவு தெரியும். தென்னை, மா, ஆமணக்கு இலைகளின் அடியில் இருக்கும் பச்சை முள்புழுவைப் பல ஆசிரியர்களுக்கே தெரியாது. இலை நிறத்தில் தடித்த உடம்பு, நீளவாக்கில் நீலக் கோடு, இரு பக்கமும் வரிசையாக முள்கொத்து, கால் இருப்பதே தெரியாமல் வழுக்கி நகரும். பார்க்க அழகாக இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுக்கத் தோன்றும். அதன் முள்ளுக்குள் விஷம் இருக்கிறது. தொட்டதும் நுனி ஒடிந்து தோலுக்குள் இறங்கும். சூடு வைத்த மாதிரி எரியும், சில பிள்ளைகளுக்கு அக்குள் வரை நெறி கட்டும்.

அதே படத்தில் ஒன்றும் செய்யாத புழுக்களையும் போட வேண்டுகிறோம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் வழவழப்பான பச்சைப் புழு, எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு இருப்பது, நந்தியாவட்டையில் வாலில் கொம்போடு இருப்பது, இவையெல்லாம் நாளைய வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும்தான். புழு என்றாலே செருப்பைக் கழற்றும் பழக்கத்தைப் பள்ளியாவது வளர்க்காமல் இருக்கலாம். சின்ன வகுப்புகளுக்கு ஒரே விதி போதும்: எந்தப் புழுவையும் கையால் தொடாதே, மேலே ஏறினால் தட்டாதே, குச்சியால் எடுத்துவிடச் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிடு.

இனி வைத்தியம். ஊரில் கைவசம் உள்ளவை சாணி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கம்பளியால் தேய்ப்பது, தலைமுடியில் தேய்ப்பது. எல்லாவற்றிலும் தேய்ப்புதான் பொது, அதுதான் கெடுதலும். தேய்க்காமல், ரோமம் பட்ட இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. அப்புறம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியோ ஐஸோ வைத்தால் எரிச்சல் தணியும். உடுப்பை மாற்றித் தனியாகத் துவைக்க வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் அலசிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழைக்க வேண்டும்; அபூர்வம்தான், ஆனால் வந்தால் நேரம் கிடைக்காது. இதை அரைப் பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு வகுப்பிலும் அங்கன்வாடியிலும் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறோம். டேப்பும் காலமைன் லோஷனும் பள்ளி முதலுதவிப் பெட்டியில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மழைக்காலம் முழுவதும் அரிப்புக்கான மருந்து இருப்பில் இருக்க வேண்டும். கண்ணில் ரோமம் பட்டு வரும் பிள்ளையைச் சொட்டு மருந்தோடு திருப்பி அனுப்பாமல் கண் பிரிவுக்கு அனுப்பும்படி எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.

கடைசியாக, இந்த வேலையைச் செய்யப் போகிறவர்கள். எந்தத் துறைக்கு உத்தரவு போனாலும் துடைப்பத்தோடு மரத்தடியில் நிற்கப் போவது தூய்மைக் காவலரும் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களும்தான். இதுவரை அவர்களுக்குக் கிடைத்தது சேலை முந்தானை மட்டுமே. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம் கொடுக்காமல் யாரையும் இந்த வேலையில் இறக்கக் கூடாது. வேலை முடிந்து அங்கேயே குளித்து உடை மாற்றத் தண்ணீர் வசதியும் வேண்டும், இல்லாவிட்டால் ரோமம் அவர்கள் உடுப்போடு வீட்டுக்குப் போய்த் தொட்டில் குழந்தைமேல் படும். துறட்டி போட்டுக் காய் இழுக்கிற கூலியாட்களுக்கும் நிமிர்ந்த முகத்தில்தான் எல்லாம் கொட்டுகிறது. அவர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது தோட்டக்காரர்களாகிய எங்கள் பொறுப்பு, அதைச் செய்துகொள்கிறோம். மரத்தடிக் கொடிகளை அவிழ்ப்பது, முட்டைக் குவியலை அடையாளம் காட்டுவது, விளக்குப் பொறிக்கு இடமும் மின்சாரமும் தருவது ஆகியவற்றையும் ஊர் ஏற்றுக்கொள்கிறது.

மனுமீது எந்த அலுவலர் நியமிக்கப்பட்டார் என்பதை மழை தொடங்குவதற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: மரங்கள் நிற்கும் இடங்களின் கைவரைபடம், புழுக்கூட்டம் இருந்த அடிமரப் புகைப்படங்கள், கண் மருத்துவச் சீட்டின் நகல்.

நகல்: தோட்டக்கலைத் துறை, பள்ளிக் கல்வித் துறை, சமூக நலத் துறை, பொது சுகாதாரத் துறை மாவட்ட அலுவலர்கள், வட்டார வளர்ச்சி அலுவலர்.