இ.பி.எஸ் 95 (பி.எஃப்ல இருக்கிற தொழிலாளர் பென்சன் திட்டம்) குறைந்தபட்ச பென்சனை ஏத்தி, பஞ்சப்படியும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம்,
புது டெல்லி.

(வழி: மண்டல பி.எஃப் கமிஷனர் அவர்கள், கோயம்புத்தூர்)

அய்யா வணக்கமுங்க,

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 1978ல சேர்ந்து, ரிங் பிரேம்ல (நூல் நூக்கற மெஷின்) அதைப் பார்த்துக்கிற சைடரா மூணு ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, 2010ல 58 வயசு முடிஞ்சு ரிட்டயர் ஆனவனுங்க. இப்ப பி.எஃப் பென்சன் மாசம் ஆயிரத்தி அறுநூத்திச் சொச்சம் வருது. என் சம்சாரம் கோன் வைண்டிங்ல இருந்தவங்க, சர்வீஸ் கம்மி, அதனால அவங்களுக்கு குறைந்தபட்சம்னு வெச்சிருக்கிற ஆயிரம் ரூபாதான். ரெண்டு பேரோடதையும் சேர்த்தாலும் வாடகை கொடுத்துட்டு கேஸ் சிலிண்டர் வாங்கினா, மாத்திரைக்கு மகன்கிட்டதான் கை நீட்டணும், அவனும் பனியன் கம்பெனியில வாரக்கூலிக்குப் போறவன்.

அந்த ஆயிரம் ரூபா 2014 செப்டம்பர் 1ல இருந்து வந்துச்சுங்க. அதுக்கு முந்தி எங்க ஏரியாவுலயே இருநூறு முன்னூறு வாங்கிட்டு இருந்தவங்க உண்டு, அவங்களுக்கு அன்னிக்கு அது பெரிய உதவிதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி 2013லயே பகத் சிங் கோஷியாரி தலைமையில இருந்த ராஜ்யசபா மனுக்கள் கமிட்டி 3,000 ரூபாயாவது கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. அன்னிக்கே மூவாயிரம் வேணும்னு எம்.பி.க்களே கணக்குப் போட்டுச் சொன்னது இன்னிக்கு வரைக்கும் ஆயிரத்துலயே நிக்குது, இதை எப்படிங்க ஏத்துக்கறது.

எங்க முக்கியமான குறை பஞ்சப்படிதாங்க. மில்லுல இருந்தப்ப விலைவாசி இன்டெக்ஸ் புள்ளி ஏற ஏற சம்பளத்துல பஞ்சப்படியும் ஏறும், அதுக்காக எங்க பெரியவங்க காலத்துல இருந்து யூனியன்ல எவ்வளவோ போராடி வாங்கி வெச்சது அது. ரிட்டயர் ஆன அடுத்த மாசத்துல இருந்து அது கிடையாது. கவர்மெண்ட் பென்சன்தாரருக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை டி.ஏ.ங்கற பஞ்சப்படி ஏறுது, ஏறட்டும், அது அவங்க உரிமை. ஆனா அதே கடையில அதே விலைக்குத்தானே நாங்களும் அரிசி பருப்பு வாங்கறோம். இந்தத் திட்டத்துலயும் ஆரம்ப வருசங்கள்ல கொஞ்சம் சதவீதம் ஏத்திக் கொடுத்தாங்க, அப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு. 2010ல எனக்கு என்ன தொகை போட்டாங்களோ அதேதான் இப்பவும் பேங்குல ஏறுது.

கணக்கையும் நீங்க பார்க்கணும் அய்யா. பென்சனுக்குக் கணக்கெடுக்கற சம்பளத்தை சர்வீஸ் வருசத்தால பெருக்கி 70ஆல வகுக்கறீங்க. அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000, இதுவும் 2014லயே வெச்சதுதான். அப்ப ஒருத்தர் 35 வருசம் ஒழுங்கா வேலை பார்த்து, கடைசியில முப்பதாயிரம் வாங்கியிருந்தாலும் அவருக்கு சுமார் 7,500தான் வரும். எங்க காலத்துல வரம்பு 6,500, அதுக்கும் முந்தி 5,000, அதுவும் 1995 நவம்பர் 16க்கு முன்னாடி பார்த்த சர்வீசுக்கு இந்தக் கணக்கே கிடையாது, தனியா ஒரு சின்னத் தொகைதான். அதனாலதான் முப்பது வருசத்துக்கு மேல உழைச்சவனும் ரெண்டாயிரத்தைத் தொட முடியல.

தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 1,200 ரூபா, ஆந்திராவுல 4,000. அவங்களுக்குக் கொடுக்கறதுல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க, இன்னும் கூடக் கொடுக்கட்டும். ஆனா எங்க பேர்ல மாசாமாசம் முதலாளி பங்குல இருந்து சம்பளத்துல 8.33 சதவீதம் பென்சன் பண்டுக்குப் போயும் என் சம்சாரத்துக்கு அதைவிடக் கொறைவா வருதே. உங்க அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல இருந்து பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனான்னு 99,446 கோடிக்கு ஒரு திட்டம் கொண்டு வந்து, புதுசா ஆள் எடுக்கிற கம்பெனிக்கு ஒரு ஆளுக்கு மாசம் 3,000 வரைக்கும் கொடுக்குது. வேலையில்லாம சுத்தற பசங்களுக்கு வேலை கிடைச்சா எங்களுக்கும் சந்தோசம்தான், எங்க பேரப்பசங்கதானே அவங்க. வேலைக்குச் சேர்றதுக்கு அவ்வளவு ஒதுக்க முடிஞ்ச கவர்மெண்டால வேலையை முடிச்சு வந்தவனுக்கும் ஒதுக்க முடியும்.

பண்டுல பற்றாக்குறைன்னு பார்லிமெண்ட்ல பதில் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா ஆயிரம் ரூபாய்க்குக் கொறையறவங்களுக்கு பட்ஜெட்ல இருந்துதானே சேர்த்துக் கொடுக்கறீங்க, அந்த ஒதுக்கீட்டைத்தான் ஏத்தச் சொல்றோம். பென்சன் பண்டுக்கு கவர்மெண்ட் பங்கு இப்ப சம்பளத்துல 1.16 சதவீதம், 15,000 வரம்புக்குப் பார்த்தா ஒரு ஆளுக்கு மாசம் 174 ரூபா, அதுவே ரொம்பக் கம்மி.

நல்லது செஞ்சதையும் சொல்லணும். 2025 ஜனவரியில இருந்து எந்த பேங்குல வேணும்னாலும் பென்சன் வாங்கலாம்னு ஆக்கினீங்க, உயிரோட இருக்கோம்னு கொடுக்கற லைப் சர்டிபிகேட்டுக்கு கைரேகை வெக்காம மூஞ்சியை போன்ல காட்டினாப் போதும்னு வந்திருக்கு. நூல் முடிச்சுப் போட்டுப் போட்டு ரேகை தேஞ்சுபோன பொம்பளைங்களுக்கு இது நிஜமாவே பெரிய விசயம். அலைச்சல் கொறைஞ்சிருக்கு, தொகைதான் ஏறல.

அதனால நாங்க கேட்டுக்கறது, நாடு முழுக்க இ.பி.எஸ் பென்சன்தாரருங்க கேக்கிற மாதிரி குறைந்தபட்ச பென்சனை 7,500ஆ ஆக்கி அதுக்கு மேல பஞ்சப்படியும் போடணும். ஒரேயடியா முடியாதுன்னா இந்த வருசமே முதல்ல 3,000ஆவது கொடுத்துட்டு, மீதி எப்பன்னு தேதி போட்டு அறிவிக்கணும். புருசன் போனப்புறம் விதவைக்கு பாதி பென்சன்தான்ங்கறதையும் மாத்தணும், வீட்டு வாடகை பாதியாகறதில்லைங்களே. 15,000 வரம்பையும் ஏத்துங்க, இப்ப வேலையில இருக்கிற பசங்களாவது எங்க கதிக்கு வராம இருக்கட்டும்.

இன்னொண்ணு, இதுக்கு செலவே இல்லைங்க. ரிட்டயர் ஆகறப்ப அஞ்சு வருசத்துக்குக் கொறையாம இ.எஸ்.ஐ.ல (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இருந்தவங்க வருசத்துக்கு 120 ரூபா கட்டினா அவருக்கும் சம்சாரத்துக்கும் இ.எஸ்.ஐ.ல வைத்தியம் உண்டு. இது எங்க ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியாது, பஞ்சுத் தூசி குடிச்சு மூச்சு வாங்கிட்டு இருக்கறவங்க தனியார் ஆஸ்பத்திரிக்கு கடன் வாங்கிட்டு ஓடறாங்க. பென்சன் ஆர்டர் கொடுக்கறப்பவே தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் கொடுக்கச் சொல்லி பி.எஃப் ஆபீசுகளுக்கு உத்தரவு போடுங்க.

இந்த மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுத்துப்பூர்வமா பதில் அனுப்பும்படி கேட்டுக்கறேனுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர்.

இணைப்பு: பென்சன் ஆர்டர் நகல், பேங்க் பாஸ்புக் நகல்