குட்டியை உள்ளே விடுங்கள்: லண்டன் தமிழ்க் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை, உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை பின்னேரம் உங்களில் ஒருவருடைய கடை வாசலில், நீல மேலங்கி போட்ட லாப்ரடோர் குட்டியோடு நின்ற பெண் நான்தான். கடையின் பெயரை எழுத மாட்டேன். அந்த அண்ணரை அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. இந்த 13 மாதத்தில் எங்கள் ஆட்களின் வேறு கடை வாசல்களிலும், நாயை உள்ளே விட முடியாது என்ற இதே பதிலைத்தான் கேட்டிருக்கிறேன். ஆகவே இது எல்லாருக்குமான மடல்.

நீங்கள் என்னைத் தெருவில் கண்டிருப்பீர்கள். கண்பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைக் குட்டிப் பருவத்தில் வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. நாய்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தார் எட்டுக் கிழமைக் குட்டியாகத் தருவார்கள். ஒரு வயது தாண்டியதும் பயிற்சிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். சாப்பாட்டுச் செலவும் மருத்துவச் செலவும் அவர்களுடையது. எங்கள் வேலை, குட்டியை இந்த உலகத்துக்குப் பழக்குவது. பஸ், ரயில், மழை, பள்ளிக்கூட வாசல் இரைச்சல், தள்ளுவண்டிகள், சனக்கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் பயப்படாமல், யார் மேலும் பாயாமல், கீழே கிடப்பதைத் தின்னாமல் நடக்கப் பழக்க வேண்டும்.

இந்தக் குட்டிக்கு நிறுவனம் வைத்த பெயர் வில்லோ. என் அம்மாவின் வாயில் அது நுழையவில்லை, வள்ளி ஆக்கிவிட்டார். இரண்டு பெயருக்கும் வருவாள்.

சனிக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். வள்ளி எங்களை விட்டுப் போக இரண்டு கிழமைகூட இல்லை. பெரிய சூப்பர்மார்க்கெட், நூலகம், தபாற்கந்தோர், பல் வைத்தியரின் அறை எல்லாம் போய்ப் பழகிவிட்டாள். எங்கள் கடை ஒன்றுக்குள் மட்டும் அவள் கால் வைத்ததே இல்லை. போக முன்னம் ஒரு தடவையாவது கூட்டிப் போவோம் என்று மகனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்று, "அண்ணா, இது பயிற்சியில் இருக்கிற குட்டி, ஐந்து நிமிசம் உள்ளே வரலாமா?" என்றுதான் கேட்டேன்.

"இது சாப்பாட்டுச் சாமான் விக்கிற இடம். நாயை வெளியிலே கட்டிப்போட்டு வாங்கோ."

தெருவில் தனியே கட்டிப்போட்டு வர முடியாது என்று விளங்கப்படுத்தினேன். அவர் கையை வீசி "போங்கோ, போங்கோ" என்றார். பின்னால் நின்ற ஒருவர் "சீ" என்றார். அந்த நேரம் முழுக்க வள்ளி, நான் இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தாள். குரைக்கவில்லை. அந்த அண்ணரைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் மகன் கேட்டான்: "அம்மா, வள்ளி என்ன பிழை செய்தவள்?" எனக்கு மறுமொழி வரவில்லை.

சட்டம் தெரியாமல் எழுதவில்லை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, வழிகாட்டி நாயோடு வரும் கண்பார்வையற்றவரை நாய்க்காகத் திருப்பி அனுப்புவது வழக்குப் போடக்கூடிய, சட்டத்துக்கு மாறான பாகுபாடு. உணவுக் கடை என்பது அதற்கு விலக்கில்லை. பயிற்சியில் இருக்கும் குட்டிக்கு அந்த முழு உரிமை கிடையாது. அது உங்கள் மனசைப் பொறுத்தது. அதனால்தான் கேட்கிறேன்: குட்டியை உள்ளே விடுங்கள்.

ஏன் உங்கள் கடைதான் வேண்டும் என்று கேட்பீர்கள். உங்கள் கடையில் இருப்பது வேறெங்கும் இல்லை. வாசலிலேயே கருவாட்டு மணம். நிலத்தோடு அரிசி மூட்டைகள். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய வழி. கீழே உதிர்ந்த கறிவேப்பிலை, சிந்திய பருப்பு. ஒரு லாப்ரடோருக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடையாது. இதற்குள்ளே மூக்கைத் தாழ்த்தாமல் நடக்கப் பழகிய நாய், நாளைக்குத் தமிழர் ஒருவரின் கையைப் பிடித்து உங்கள் கடைக்கே கூட்டிவரும்.

அப்படி ஒருவர் வருவாரா என்று நினைக்காதீர்கள். எங்கள் சனத்துக்குள் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் மருந்துப் பெட்டி இருக்கிறது. அது கண்ணையும் எடுக்கும். என் சித்தப்பாவின் கண்ணை எடுத்தது. சாமான் வாங்கப் போய், கடையில் நாலு பேரோடு கதைத்து, பின்னேரம் வீடு வருகிற மனுசன், இப்போது யன்னல் பக்கத்தில் வானொலியோடு இருக்கிறார். வழிகாட்டி நாய்க்கு விண்ணப்பிப்போமா என்று கேட்டேன். "நாயோடு நான் எங்கே பிள்ளை போறது? எங்கடை கடைக்குள்ளே விடுவாங்களோ?" என்றார். நான் விடுவார்கள் என்று சொன்னேன். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கல்யாண மண்டபங்களிலும் இதே கதைதான். நாய் என்றவுடன் தொண்டையைச் செருமும் வாடகைக் கார் ஓட்டும் தம்பிமாரும் இருக்கிறார்கள். வழிகாட்டி நாயை ஏற்ற மறுத்தால் 1,000 பவுண் வரை தண்டம் என்று அவர்களுக்கும் தெரியும். பைரவர் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அவருடைய வாகனத்தைத் தெருவில் நிற்பாட்டுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை. சரி, கோபத்தில் தள்ளிப் போகிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான்.

"வளர்த்துப் போட்டுக் கொடுக்கிறதுக்கு ஏன் வளர்க்கிறாய், பாவமில்லையா?" என்று கடை வாசல்களில் என்னைக் கேட்டவர்களும் உண்டு. அதற்கும் இங்கேயே மறுமொழி சொல்கிறேன்.

வள்ளி எங்கள் இரண்டாவது குட்டி. முதலாவது ஒரு கறுப்பன். அவன் போகிற அன்று, அவன் முன்னால் அழக்கூடாது என்று வீட்டில் எல்லாருமாகப் பேசி வைத்திருந்தோம். வான் வந்தது. ஏறச் சொன்னதும் ஏறினான், அப்படித்தானே நாங்கள் பழக்கியது. ஏறிய பிறகு திரும்பி, நானும் ஏறுவேன் என்று இடம் விட்டு ஒதுங்கி இருந்தான். கதவு சாத்தும் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வீட்டுக்குள் வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டேன். அம்மா வெளியில் நின்று, "பிள்ளையைப் படிக்க அனுப்பினது போல நினை" என்றார். போர் நேரம் 16 வயதில் என்னைக் கொழும்புக்குப் பஸ் ஏற்றிவிட்டவர் அவர். சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது.

அதற்குப் பிறகும் பல நாள் விடிய ஆறு மணிக்கு எழும்பி, கை தன்பாட்டில் விசிலைத் தேடியது. விசில் ஊதிச் சாப்பாடு வைத்துப் பழகிய கை. சமைக்கும்போது கரட் துண்டு கீழே விழுந்தால் "விடு" என்று வாய் சொல்லும். அங்கே யாரும் இல்லை. அவன் படுத்த இடத்தில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தோம். பிறகு அதையும் எடுத்துவிட்டோம்.

அடுத்த வருடம் ஒரு படம் வந்தது. வெள்ளைக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு பெண், பக்கத்தில் எங்கள் கறுப்பன். இப்போது தனியே வேலைக்குப் போய் வருவதாக அந்தப் பெண் எழுதியிருந்தார். படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாவமா என்று கேட்டவர்களுக்கு அதைக் காட்டுவேன். கவலை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம்.

இந்த நாட்டில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931ல் வாலசி என்ற ஊரில் பயிற்சி பெற்று வெளியே வந்தன. அன்றைக்கும் எவரோ ஒரு கடைக்காரர் முதன்முதலாகக் கதவைத் திறந்து விட்டிருப்பார். எங்கள் தெருவில் அந்த ஆள் உங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் வேண்டாம். கிழமை நாளில், காலையில், கடை சும்மா இருக்கும் பத்து நிமிடம் போதும். இறைச்சிப் பகுதிப் பக்கம் வரமாட்டோம். குட்டி எதையாவது தொட்டால் காசு தருகிறேன். நிலத்தில் ரோமம் விழுந்தால் நானே கூட்டிவிட்டுப் போகிறேன். நாய்க்குப் பயந்தவர் உள்ளே நின்றால் அவர் போகும் வரை வெளியில் நிற்கிறோம். தயவுசெய்து குட்டியை உள்ளே விடுங்கள்.

வள்ளியை வருகிற வெள்ளிக்கிழமை கூட்டிப் போகிறார்கள். அதற்கு முன் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சனிக்கிழமை வந்த அதே கடைக்குத் திரும்ப வருவேன். வாசலில் நின்று அதே மாதிரித்தான் கேட்பேன். ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் ஒரு கிலோ சிவப்பரிசியும் வாங்க வேண்டும். மகனுக்குப் பள்ளிக்கூடம், சித்தப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
வள்ளியை வளர்த்தவள்