தெருப்பக்கத்து ஷட்டரும் வீட்டுக்குள் இறங்கும் வெப்பமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை நெருங்கும்போதெல்லாம் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பற்றிய பேச்சு மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதில் தொடங்கி, அதிலேயே முடிந்துவிடுகிறது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, நகரி என ஆந்திர எல்லையின் இருபுறமும் உள்ள எங்கள் ஊர்களில் வெயில் உள்ளே வர இன்னொரு பெரிய வழியும் இருக்கிறது. அது தரைத்தளத்து இரும்பு ஷட்டர். பின்னாளில் கடையாக வாடகைக்கு விடலாம் என்று தெருவைப் பார்த்து ஷட்டர் வைத்துக் கட்டி, கடை அமையாமல் போகவே அங்கே காரை நிறுத்திவிட்டு மாடியில் குடியிருப்பவர்கள் இங்கே பலர். அவர்கள் ஷட்டரை மாற்ற நேரும்போது வெப்பத்தடுப்புள்ள கதவைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

வழக்கமான ஷட்டர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைத் தகடுதான். மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் பிற்பகல் வெயிலில் அதன் வெளிப்புறம் எவ்வளவு சுடுகிறதோ, உட்புறமும் கிட்டத்தட்ட அவ்வளவு சுடுகிறது. அந்த அனல் உள்ளே பரவி, பக்கத்து அறைச் சுவரையும் மேலே உள்ள கான்கிரீட் தளத்தையும் சூடேற்றுகிறது. கான்கிரீட் ஆறுவதற்கு நேரம் பிடிப்பதால், வெயில் தாழ்ந்த பிறகும் மாடிப் படுக்கையறையின் தரை வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. வெப்பத்தடுப்புக் கதவில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரையோ தெர்மாகோலோ நிரப்பப்பட்டிருக்கும். பாலியூரித்தேன் நுரையைவிட இரும்பு சுமார் 2,000 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நடுவில் இருக்கும் அந்த நுரைதான் உண்மையில் வேலை செய்கிறது.

இதற்கு ஓர் அளவுகோலும் இருக்கிறது. மத்திய மின்துறை அமைச்சகம் 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதிமுறை, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. ஒற்றைத் தகட்டு ஷட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 6 வாட் வருகிறது. 40 மில்லிமீட்டர் நுரை கொண்ட பலகையில் அது சுமார் 0.6 வாட்டாகக் குறைந்துவிடும். ஆனால் இது பலகையின் நடுப்பகுதிக்கான கணக்கு. இணைப்புகள், ஓரங்கள், அடியில் தரையோடு விடுபடும் சந்து ஆகியவற்றையும் சேர்த்தால் முழுக் கதவின் பலன் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இறக்குமதிக் கதவுகளின் விளம்பரத்தில் வரும் ‘ஆர்’ மதிப்பு, அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு, அமெரிக்க அலகில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். நம் மெட்ரிக் அலகுக்கு மாற்ற அதை 5.68ஆல் வகுக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டுத் தள்ளித் தனியாகக் கார் ஷெட் வைத்திருப்பவருக்கும், கிழக்கிலோ வடக்கிலோ நிழல் விழும் வாசல் உள்ளவருக்கும் இது வீண் செலவு. கூரைக்கு எதுவும் செய்யாமல் கதவை மட்டும் மாற்றுவதும் முறையல்ல. பழைய ஷட்டர் உறுதியாக இருந்தால், முதலில் அதற்கு வெளிர்நிறப் பெயின்ட் அடித்து, முன்னால் ஒரு சாய்ப்பு இறக்கிப் பார்க்கலாம், செலவும் குறைவு.

விசைத்தறி ஓடும் தெருக்களில் இருப்பவர்கள் இந்தக் கதவு தறிச் சத்தத்தை அறவே நிறுத்திவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம். எடை குறைந்த நுரையால் ஒலியை அவ்வளவாகத் தடுக்க முடியாது. தகடு அதிர்ந்து கடகடப்பது குறையும், ரப்பர் விளிம்புகள் சரியாகப் பொருந்தினால் சந்து வழியாக வரும் இரைச்சலும் தூசியும் குறையும், அவ்வளவே. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பயன் உண்டு: லித்தியம் பேட்டரி தொடர்ந்து சூட்டிலேயே இருந்தால் அதன் ஆயுள் குறையும்.

கதவு இறுக்கமாக மூடிக்கொள்வதில் ஆபத்தும் இருக்கிறது. மூடிய இடத்தில் வண்டி எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே கேடாகும். ஆகவே காற்றோட்டத்துக்கான வென்டிலேட்டரை ஒருபோதும் அடைக்கக் கூடாது. பாலியூரித்தேன் தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும் என்பதால், தீத்தடுப்பு சேர்த்த நுரையா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இருக்கிற ஷட்டரின் உட்புறத்தில் தெர்மாகோல் ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சுருண்டு ஏறும் ஷட்டரில் அது நிற்காது. பலகை பலகையாக மேலேறும் கதவில் ஒட்டினாலும் எடை கூடும் என்பதால் ஸ்பிரிங்கைத் திருத்தியமைக்க வேண்டும். முறுக்கேறிய அந்த ஸ்பிரிங்கில் பழக்கமில்லாதவர்கள் கைவைக்கக் கூடாது.

பலகைக் கதவு திறக்கும்போது உட்கூரையை ஒட்டிய தண்டவாளத்தில் போய்ப் படுக்கும். கடைக்கென்று தாழ்வாகக் கட்டிய அறைகளில் அதற்கு இடமிருக்காது. அங்கே நுரை நிரப்பிய பட்டைகளாலான சுருள் ஷட்டர்தான் பொருந்தும், அதன் பலனும் சற்றுக் குறைவு. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், லிண்டலுக்கும் உட்கூரைக்கும் இடையே உள்ள உயரத்தை விற்பனையாளரே நேரில் வந்து அளக்க வேண்டும். நுரையின் வகையையும் தடிமனையும், முழுக் கதவுக்கான வெப்பக் கடத்தல் அளவையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டம்.