கோவில் மண்டபத்தில் முதியோர் பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சாட்ஸ்வர்த்தில் வயதானவர் யாராவது தடுக்கி விழுந்தால், வீட்டார் உடனே சொல்வது "பேசாமல் படுத்திருங்கள்" என்பதுதான். அன்பில் சொல்வது, சரி. ஆனால் படுத்தே கிடந்தால் சில நாட்களிலேயே தொடைத் தசை இளைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் எழுந்து நிற்பதே பெரும்பாடு. என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே பிசியோதெரபிஸ்ட் எழுப்பி உட்கார வைத்தார். எங்களுக்கு நெஞ்சு பதறியது. வீடு திரும்பிய பின் மாமி தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவார். மெல்ல மெல்லக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழப் பழகினார். இன்று கோவிலுக்குத் தாமே நடந்து வருகிறார்.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் தசைவலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக மருத்துவமனைக்கு டாக்சியில் ஏறி இறங்குவதே பலருக்கு முடியாத காரியம். நம் கோவில் மண்டபங்களோ வார நாட்களில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து அங்கே காலை வகுப்பு நடத்தக் கூடாதா? நாற்காலிகள்கூடத் தயாராக இருக்கின்றன. தைப்பூசக் காவடிக்கு முன்பே இதைத் தொடங்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்