ஆன்லைன்ல விக்கிறவங்களும் வரிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். எங்ககிட்ட வர்றவங்கள்ல நைட்டி, பெட்ஷீட், காட்டன் சேலைன்னு ஆன்லைன்ல விக்கிறவங்க நெறைய, கையில பேங்க் ஸ்டேட்மெண்ட் மட்டும் கொண்டு வந்து "அக்கவுண்ட்ல ஏறுனது தானுங்க மேடம் விற்பனை"ன்னு சொல்றாங்க. அது இல்லைங்க.

1,000 ரூவாய்க்கு ஒரு சேலை போகுது, கமிஷன் கூரியர்லாம் புடிச்சுட்டு 750 ஏறுதுன்னு வைங்க, விற்பனை 1,000 தான், அந்த 250 செலவு. ஒருத்தரோட வருஷ விற்பனை 5 லட்சத்த தாண்டிட்டா ஆன்லைன் கம்பெனிக்காரங்க அந்த முழு 1,000-க்கு தான் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கிற வருமான வரி, புடிக்கிறாங்க, அதுதான் வரித் துறைகிட்ட நம்ம பேர்ல இருக்கற 26ஏஎஸ் கணக்குலயும் நிக்கும். நாம 750ன்னு காட்டுனா இடிக்கும், நோட்டீஸ் வரும். 2024 அக்டோபர்ல இருந்து டிடிஎஸ் 1 சதவீதத்துல இருந்து 0.1 ஆயிருச்சு, சின்னத் தொகைன்னு இப்ப யாரும் எட்டிக்கூட பாக்கறதில்ல.

பயந்துட்டு வருமான வரி ரிட்டர்னே போடாதவங்கள பாத்தா தான் பாவமா இருக்கு. 12 லட்சத்துக்கு வித்தவர், விற்பனையில 6 சதவீதத்த வருமானமா காட்டுற கணக்குல போனா வருமானம் 72,000, நெசமான லாபம் அதுக்கு மேல இருந்தா அதைத்தான் காட்டணும், அப்பவும் வேற வருமானம் இல்லாதவருக்கு பெரும்பாலும் வரியே வராது, டிடிஎஸ்ஸா புடிச்ச 1,200-உம் திரும்ப கிடைக்கும். சரக்கு தன்னோடது இல்லாம கமிஷனுக்கு மட்டும் வித்துக் குடுக்கறவங்களுக்கு இந்த 6 சதவீதம் செல்லாது, அத யாரும் சொல்றதில்ல.

அடுத்தது ஜிஎஸ்டி. 2023 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கிற சின்ன வியாபாரி வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு எடுக்காமயே, ஒரு என்ரோல்மெண்ட் நம்பர் மட்டும் வாங்கிட்டு ஆன்லைன் கம்பெனி வழியா விக்கலாம். இத அரைகுறையா கேட்டுட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் புடிச்சு பெங்களூருக்கு பார்சல் போடுறாங்க. சேலம் போனா பிரச்சனை இல்ல, ஓசூர் தாண்டுனா முதல் பார்சலுக்கே ஜிஎஸ்டி வேணும், கைவினைப் பொருளுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு இருக்கு. ஜிஎஸ்டி வேண்டாம்னா இன்கம் டேக்ஸும் வேண்டாம்னு நெனைக்கிறவங்க வேற தனி.

உங்க வணிகப் பக்கத்துல தங்கம் வெலையும் ஷேர் மார்க்கெட்டும் தினம் வருது, இந்த ஆன்லைன் வியாபாரிகளுக்காக மாசம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்களேன், மார்ச் மாசம் மட்டும் போட்டா பத்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு