துருத்தித் தண்ணியும் நம்ம உடைச்ச ஓடும்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, தங்கச்சி பிள்ளைக எல்லாம் சௌக்கியமா? இங்க அம்மாவுக்கு கண் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்ப சீரியல்ல வர்ற சேலை கலர் வரைக்கும் தெளிவா சொல்லுது.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கும் நீ வரலல்ல. அழகர் மேல தண்ணி பீச்சுற ராமராயர் மண்டபத்துக்கிட்ட நானும் பெரியவனும் நின்னோம், சுத்தி அம்புட்டுப் பேரும் துருத்தியோட நிக்கிறாய்ங்க, பக்கத்துல ஒரு அண்ணன் தோல்பைய கக்கத்துல இடுக்கி ஒரு அமுக்கு அமுக்குனாரு பாரு, தண்ணி அப்படியே வளைஞ்சு வில்லு மாதிரி போய் விழுகுது. இவன் இப்ப ப்ளஸ் ஒன்னுல்ல, "அப்பா, இதான் பரவளையம்"ங்கிறான். 1638லயே கலிலியோ புஸ்தகத்துல எழுதிட்டாராம். முன்னாடி போறது ஒரு கணக்கு, கீழ விழுறது தனிக் கணக்கு, ஒன்ன ஒன்னு கண்டுக்கிறதே இல்ல. நான் நம்பல. வீட்டுக்கு வந்ததும் டேபிள் ஓரத்துல ரெண்டு ஒருரூவா காசு வச்சு ஒன்னச் சுண்டிவிட்டு அதே நேரம் இன்னொன்ன சும்மா தள்ளிவிட்டான், சுண்டுனது அங்கிட்டு கதவோரம் போய் விழுந்துச்சு, ஆனா சத்தம் ரெண்டும் ஒன்னா "டங்"குன்னு ஒரே சத்தம்டா!

அப்புறம் சொன்னான் பாரு, அதுக்குத்தான் இந்த லெட்டரே. காத்த விட்டுட்டுப் பாத்தா 45 டிகிரில எறிஞ்சாத்தான் ரொம்ப தூரம் போகுமாம், ஆனா ஒரே வேகத்துல 30ல எறிஞ்சாலும் 60ல எறிஞ்சாலும் ஒரே எடத்துலதான் விழுகுமாம். நெசத்துல காத்து இழுத்துப் பிடிக்கும், வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு, அதான் ஷட்டில் பந்த எம்புட்டு வேகமா அடிச்சாலும் கொஞ்ச தூரத்துல சோர்ந்து செங்குத்தா விழுகுது. கனமான கல்லுக்கு அம்புட்டு பாதிப்பு இல்ல.

எனக்கு உடனே நம்ம சின்ன வயசுல கல்லெறிஞ்ச அந்தக் கொடுக்காப்புளி மரம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் எப்பவும் தாழ எறிவேன், நீ வானத்தப் பாத்து எறிவ, ரெண்டு கல்லும் மரத்துல படாம அந்தப் பெரியவர் வீட்டு ஓட்டுமேலயே போய் விழுந்துச்சே. பயல உக்கார வச்சு கணக்குப் போடச் சொன்னேன். என்னோடது 30 டிகிரி, உன்னோடது 60, செகண்டுக்கு 20 மீட்டர் வேகம்னு வச்சா ரெண்டும் 35 மீட்டர்ல விழுகுது, ஆனா என் கல்லு 5 மீட்டர் உசரம் போயிட்டு 2 செகண்ட்ல விழுந்துருது, உன்னோடது 15 மீட்டர் ஏறி எறங்க மூனரை செகண்ட் ஆகுது.

ஒன்றரை செகண்ட்டா! என் கல்லு விழுந்த சத்தத்துல அவரு வெளிய வந்து என்னயப் பாத்துட்டாரு, உன் கல்லு எறங்குறப்ப நீ வரப்பத் தாண்டிட்ட. அன்னைக்கு எங்கப்பாகிட்ட வாங்குன அடி மொத்தமும் எனக்குத்தான். ஓட்டுக்குக் குடுத்த காசுல பாதி நீ தரணும், அடுத்த சித்திரைக்கு வர்றப்ப வட்டியோட எடுத்துட்டு வா.

உன் மாப்ள