நான்காவதாக வருபவருக்கும் நேரம் குறியுங்கள்: கடலூர் மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பக்கத்துப் பள்ளிகள் ஒன்றோடொன்று மோதும் குறுவட்டப் போட்டிகள் நெருங்கும்போது உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், எண் அட்டை தயாரிக்க வேண்டும், வெயிலில் மயங்கி விழும் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் குளுக்கோஸும் வைத்திருக்க வேண்டும். இவற்றோடு இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஓடி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் குறித்து, அதை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.

மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் பள்ளிப் போட்டிகளில் நேரம் குறிக்கும் பணியில் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். அந்தப் பணியின் நுணுக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. துப்பாக்கியின் ஓசையைக் கேட்டுக் கடிகாரத்தை அழுத்தக் கூடாது, புகையைப் பார்த்து அழுத்த வேண்டும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு ஓசை வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 0.3 நொடி ஓடிவிடும். முடிவுக்கோட்டில் தலையோ கையோ நீளும்போது நிறுத்தக் கூடாது, உடல் கடக்கும்போதுதான் நிறுத்த வேண்டும். இவ்வளவு கவனமாக எடுக்கிற அளவு பெரும்பாலான பள்ளிப் போட்டிகளில் மூன்று பேரோடு நின்றுவிடுகிறது. நான்காவதாக வந்தவர் அந்தத் தாளில் எங்குமே இல்லை.

மாணவியருக்கான ஒரு 1500 மீட்டர் ஓட்டம் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. நான்காவதாக வந்த சிறுமி மூச்சு வாங்கியபடியே நேராக என்னிடம் வந்து, “சார், என் நேரம் எவ்வளவு?” என்று கேட்டாள். அவளுக்கு யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. என்ன இடம் என்று அவள் கேட்கவில்லை, அது அவளுக்கே தெரியும். விடியற்காலையில் எழுந்து தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மாதக்கணக்கில் ஓடியதற்கு என்ன பலன் கிடைத்தது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சுற்றி நின்ற பெரியவர்களில் ஒருவராலும் அதைச் சொல்ல முடியவில்லை. அவளுடைய அப்பாவோ, “மூன்றாவதாகக்கூட வரவில்லையே” என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். நேரம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு அவள் கையில் இருந்திருந்தால், அந்தத் தகப்பனுக்குக் காட்ட அவளிடம் ஏதாவது இருந்திருக்கும்.

இடம் என்பது பாதிச் செய்திதான். ஈட்டி எறியும் நம் நாட்டு வீரர் நீரஜ் சோப்ரா 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 89.45 மீட்டர் எறிந்தார், கிடைத்தது வெள்ளி. 2025 மே மாதம் தோஹாவில் வாழ்நாளில் முதல் முறையாக 90 மீட்டரைத் தாண்டி 90.23 மீட்டர் எறிந்தார். அன்றும் இரண்டாம் இடம்தான், ஜெர்மனியின் ஜூலியன் வெபர் 91.06 மீட்டர் எறிந்துவிட்டார். வெறும் இடத்தை மட்டும் எழுதிவைத்தால் இது ஒரு வீரர் இறங்கிக்கொண்டே போன கதையாகத் தெரியும். தூரத்தையும் எழுதினால்தான் அவர் ஏறிக்கொண்டே போனது தெரியும்.

பாரிஸில் அவரை முந்தித் தங்கம் வென்ற பாகிஸ்தானின் அர்ஷத் நதீமின் கணக்கு இன்னும் சுவையானது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நீரஜ் 88.06 மீட்டர், நதீம் 80.75 மீட்டர். ஏழு மீட்டருக்கு மேல் இடைவெளி. 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அந்த இடைவெளி 35 சென்டிமீட்டராகக் குறைந்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையே படைத்தார். எதிரில் நீரஜைப் போல ஒருவர் இருந்ததும் அந்த வளர்ச்சிக்கு ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். அதே நீரஜ்தான், புதிய ஈட்டி கிடைக்காமல் நதீம் திண்டாடுகிறார் என்ற செய்தி 2024இல் வந்தபோது அவருக்காக வெளிப்படையாகப் பேசினார். பாரிஸ் முடிவுக்குப் பிறகு, தங்கம் வென்றவரும் எங்கள் பிள்ளைதான் என்றார் நீரஜின் தாய். எல்லைக்கு இருபுறமும் கொண்டாடப்பட்ட சொல் அது.

ஆகையால் போட்டி மனப்பான்மையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். போட்டி வேண்டும், கடுமையாகவே வேண்டும். எதிரணியில் ஏழு பேர் நிற்காமல் கபடிக்குப் பயிற்சி ஏது? ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட முடியாமல் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி பலமுறை நான்கு நிமிடம் இரண்டு நொடி அளவிலேயே நின்றுகொண்டிருந்தார். 1954 மே 6 அன்று இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடிக் காட்டினார். 46 நாள் கழித்து லாண்டி அதையும்விட ஒரு நொடிக்கு மேல் குறைவாக ஓடினார். பானிஸ்டருக்கு வேகம் அமைத்துக் கொடுத்த கிறிஸ் சாட்டவே அன்று லாண்டியுடனும் ஓடினார்.

நம் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறாகச் சில இடங்களில் நடக்கிறது. எதிர்ப் பள்ளி மாணவர்களோடு பேசக் கூடாது, சேர்ந்து பயிற்சி செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் பள்ளி ஒன்றை நான் அறிவேன். பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு நல்ல ஓட்டக்காரர்களை ஞாயிறுதோறும் ஒரே மைதானத்தில் ஓட விடுங்கள். இருவருமே வேகமாவார்கள். பிள்ளைகள் இதற்குத் தயங்குவதில்லை, தயங்குவது பெரியவர்களாகிய நாம்தான்.

போட்டி நாள் ஆண்டில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் பிள்ளையை எழுப்பி மைதானத்துக்கு அனுப்புவது பழக்கம் ஒன்றே. வடகிழக்குப் பருவமழையில் மைதானம் சேறாகி, ஓட இடமில்லாமல் வாரக்கணக்கில் வீட்டில் கிடக்கும் காலத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது தாழ்வாரத்தில் கயிறு தாண்டுகிற பிள்ளையும், போர்த்திக்கொண்டு கைபேசி பார்க்கிற பிள்ளையும் தை மாதத்தில் ஒரே கோட்டில் வந்து நிற்பார்கள். வேறுபாடு அன்று தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினேன், எவ்வளவு ஓடினேன், எங்கே வலித்தது என்று அவர்களே தம் கையால் எழுதட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். திட்டுவதற்காகப் பார்க்காதீர்கள். எழுதியதற்குத் திட்டு விழும் என்று தெரிந்தால் மறுவாரமே பொய் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

போட்டியன்று எல்லோருக்கும் நேரம் எடுக்க ஆள் பலம் ஏது என்று கேட்பீர்கள். 800 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கு இரண்டே பேர் போதும். ஒருவர், வரிசையாக நேரங்களைச் சேமிக்கும் கடிகாரத்தை, ஒவ்வொருவரும் கோட்டைக் கடக்கும்போது அழுத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவர், கடந்தவர்களின் மார்பு எண்ணை வரிசையாக எழுத வேண்டும். இரண்டு பட்டியலையும் பொருத்தினால் கடைசியாக வந்தவரின் நேரம்வரை கிடைத்துவிடும். 100, 200 மீட்டரில் எல்லோரும் நெருங்கி வருவதால் இது சரிப்படாது. அங்கே பாதைக்கு ஒரு கடிகாரம் தேவை, முடியும்போது செய்யலாம். தாண்டுதல், எறிதல் போட்டிகளில் வேலையே இல்லை. ஒவ்வொரு முயற்சியின் அளவும் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. அதைக் கோப்பில் கட்டிவைப்பதற்கு முன் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும்.

பரிசளிப்பின்போது இன்னொன்றும் செய்யலாம். சென்ற ஆண்டைவிடத் தன் நேரத்தை அதிகம் குறைத்த பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசியுங்கள். பதக்கம் வேண்டியதில்லை.

இந்த ஆண்டு ஏதேனும் ஒரு குறுவட்டத்திலாவது 1500 மீட்டரில் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டுகிறேன். கடிகாரத்தோடு நான் வருகிறேன். எண் எழுத ஒரு முன்னாள் மாணவரையோ மாணவியையோ நீங்கள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து நேரம் குறிப்பவன்